கேஸ் போடும் பழக்கம் எங்கிருந்து வந்தது

கார் ஏசியில் குளிர்ச்சி குறைந்துவிட்டது என்று சொன்னால் கடலூர்ப் பக்கம் முதலில் வருகிற கேள்வி, "கேஸ் போட்டு எவ்வளவு நாள் ஆச்சு?" என்பதுதான். மஞ்சக்குப்பத்தில் கேட்பார்கள், திருப்பாதிரிப்புலியூரில் கேட்பார்கள், சிதம்பரம் போகிற வழியில் எந்த ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தினாலும் கேட்பார்கள். வண்டிக்காரரும் அதை எதிர்பார்த்தே வருகிறார். "கேஸ் மட்டும் போட்டுக் குடுங்க" என்று வைத்தியத்தையும் அவரே சொல்லிவிடுகிறார். ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் அது என்ற எண்ணம் இரண்டு பக்கமும் ஊறிக் கிடக்கிறது. ஆனால் ஏசிக்குள் சுற்றுகிற வாயு செலவாவதே இல்லை. கம்ப்ரஸர் அதை அழுத்துகிறது. வண்டியின் முகப்பில் இருக்கும் கண்டென்சரில் சூட்டை விட்டுத் திரவமாகிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் உள்ளறைச் சூட்டை வாங்கி ஆவியாகிறது. மறுபடி கம்ப்ரஸருக்கே திரும்புகிறது. அது ஒரு மூடிய சுற்று. கேஸ் குறைந்திருந்தால் எங்கோ ஒழுகியிருக்கிறது. குறையாமலே குளிர்ச்சி போயிருந்தால் கோளாறு வேறு இடத்தில். இவ்வளவு எளிய விஷயம் தெரிந்திருந்தும் பழக்கம் விடவில்லை. இதை ஏமாற்று வேலை என்று சொல்லித் தள்ளுகிறவர்கள் உண்டு. அதன் பழைய கதையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. ஒரு காலத்தில் கேஸ் போடுவதே சரியான வைத்தியமாக இருந்தது. பிறகு வாயு மாறியது, இயந்திரம் மாறியது. வைத்தியம் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. இன்று கார் ஏசிக்குக் கொட்டப்படும் வீண் செலவில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது என்பது என் கருத்து.

இந்தக் கரைக்குக் குளிர்பதனத் தொழில் காரோடு வரவில்லை, மீனோடு வந்தது. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் இயந்திரப் படகுகள் பெருகப் பெருக ஐஸ் ஃபேக்டரிகளும் பெருகின. தேவனாம்பட்டினத்தில் கரையேறிய மீன் கெடாமல் வெளியூர் போய்ச் சேர வேண்டுமானால் ஐஸ் வேண்டும். ஐஸ் கட்டி வார்க்கிற ஆலைகளில் ஓடுவது அம்மோனியா. அது நெடியுள்ள வாயு. காற்றில் பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு இருந்தாலே மூக்கு சொல்லிவிடும். கூடினால் கண் எரியும், நெஞ்சு அடைக்கும். ஆகவே அம்மோனியாவோடு பழகிய தொழிலாளிக்கு ஒழுக்கு என்பது உயிர்ப் பிரச்சினை. ஒழுகுகிறது என்று தெரிந்தும் மேலே வாயுவை ஏற்றிக்கொண்டே போகிற யோசனை அந்தத் தொழிலில் எழவே முடியாது. எந்த இணைப்பு என்று கண்டுபிடிக்க அவர்களிடம் பழைய உபாயம் ஒன்றும் இருந்தது. கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாய் நெடுகக் கொண்டுபோவார்கள். அம்மோனியா கசிகிற இடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் கந்தகப் புகை அடர்ந்த வெள்ளையாக மாறும். அங்கே சாவியைப் போட்டு இறுக்க வேண்டியதுதான். குளிர்பதனத் தொழிலின் முதல் பாடம் ஒழுக்கைத் தேடுவதாகவே இருந்தது.

அந்தப் பாடத்தை மறக்கடித்தது, வாயுவில் வந்த ஒரு நல்ல மாற்றம். வீட்டுக்குள் வைக்கிற ஃபிரிட்ஜில் அம்மோனியாவையும் கந்தக டை ஆக்சைடையும் வைத்துக்கொண்டு அமெரிக்காவில் பல விபத்துகள் நடந்தன. 1928-இல் தாமஸ் மிட்ஜ்லி என்ற வேதியியலாளரும் அவர் கூட்டாளிகளும் குளோரோஃபுளோரோ கார்பன் (சிஎஃப்சி) வகை வாயுவைக் குளிர்பதனத்துக்குக் கொண்டுவந்தார்கள். நெடி கிடையாது, தீப்பிடிக்காது, விஷமும் இல்லை. 1930-இல் வேதியியலாளர்கள் கூட்டம் ஒன்றில் மிட்ஜ்லி அந்த வாயுவைத் தானே இழுத்து, மெழுகுவத்திமேல் ஊதி அணைத்துக் காட்டினார். ஃப்ரியான் என்று உலகம் அறிந்த ஆர்-12 அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1939-இல் பேக்கர்ட் நிறுவனம் தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்திய காரைக் காட்சிக்கு வைத்ததும் இந்த வாயுவின் துணையால்தான். ஆனால் மூக்குக்கு வேலை இல்லாமல் போனதும் ஒழுக்கு கண்ணுக்கும் தெரியாமல் போனது. கார் ஏசியிலோ ஒழுக்குக்குக் காரணம் ஏராளம். ஃபிரிட்ஜில் மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் சேர்த்து அடைக்கப்பட்டிருக்கும். காரில் கம்ப்ரஸரை என்ஜின் பெல்ட் சுற்றுகிறது. அதன் அச்சு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அச்சைச் சுற்றி ஒரு சீல். என்ஜின் அதிரும் என்பதால் இடையில் ரப்பர் ஹோஸ். அந்தக் காலத்து ரப்பர் வழியாக ஆர்-12 மெல்ல மெல்ல வெளியே கசியும். அது பழுதுகூட அல்ல, பொருளின் இயல்பு. ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை கொஞ்சம் ஏற்றிக்கொள்வது பராமரிப்பின் ஓர் அங்கமாகவே ஆனது.

ஏற்றுவதற்கு வசதியும் அமைப்பிலேயே இருந்தது. சுற்றில் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர் என்ற குப்பியின் தலையில் நயா பைசா அளவு ஒரு கண்ணாடி வைத்திருப்பார்கள். ஏசியை ஓடவிட்டு அதைப் பார்த்தால், கேஸ் குறைவாக இருக்கும்போது நுரையும் குமிழுமாக ஓடும்; சிலிண்டரைத் திறந்து ஏற்ற ஏற்றக் குமிழ் அடங்கித் தெளியும். தெளிந்ததும் சிலிண்டரை மூடிவிடலாம். எடைத் தராசு வேண்டாம், கணக்கு வேண்டாம். கேஸும் விலை மலிவு. இந்தியாவில் அதைத் தயாரித்த நான்கு நிறுவனங்களில் ஒன்றின் ஆலை மேட்டூரிலேயே இருந்தது. இப்படி, ஒழுக்கு இயல்பு, வாயு மலிவு, அளவு கண்ணுக்குத் தெரியும் என்ற மூன்றும் சேர்ந்திருந்த ஒரு காலத்தில் பிறந்தது கேஸ் போடும் பழக்கம். அதைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அம்பாஸடரின் டேஷ்போர்டுக்கு அடியில் தனிப் பெட்டியாக ஏசி மாட்டி ஓட்டிய ஆண்டுகளில் அது நியாயமான வேலை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து, 1985-இல் சுப்ரோஸ் நிறுவனம் டென்சோ, சுஸுகி கூட்டில் கார் ஏசிகளைச் செய்யத் தொடங்கி, 1998-இல் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பத்துக்கு ஏசி கார் பரவலாக வாய்த்தது. சிற்றூர்களில் அதைப் பழுது பார்க்க வந்தவர்கள் பெரும்பாலும் ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகள்தான். கையில் இருந்த சிலிண்டரையும் கேஜையும் பழைய பழக்கத்தையும் எடுத்துக்கொண்டு அவர்கள் கார் பக்கம் வந்தார்கள்.

ஒழுகிய வாயு எங்கே போகிறது என்ற கேள்வியை உலகத்தின் முன் வைத்தவர்களில் ஒருவர் இந்த மாவட்டத்தில் படித்தவர் என்பதை இங்கே சொல்லாமல் போகக் கூடாது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1965-இல் பொறியியல் முடித்த வீரபத்ரன் ராமநாதன் முதலில் சேர்ந்த வேலை, செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதன நிறுவனத்தில். குளிர்வாயு ஏன் இவ்வளவு வேகமாக ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது அவருக்குக் கொடுத்த பணி. பிறகு பெங்களூருக்கும் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போனார். 1974-இல் வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் இந்த வாயுக்கள் ஓசோனைத் தின்னும் என்று எழுதினார்கள். மறு ஆண்டு ராமநாதன் 'சயன்ஸ்' இதழில், இவை பூமியின் வெப்பத்தையும் பிடித்து வைக்கின்றன என்று காட்டினார். ஒரு டன் ஆர்-12 நூறாண்டில் பிடித்து வைக்கிற வெப்பம், பத்தாயிரம் டன் கரியமில வாயு பிடிப்பதைவிட அதிகம் என்பது பின்னாளில் உறுதியான கணக்கு. ஒர்க்‌ஷாப்பில் யாரும் பொருட்படுத்தாத சின்னக் கசிவை ஒரு பொறியாளர் விடாமல் துரத்திக்கொண்டு போனதன் விளைவு அது. எங்கே ஒழுகுகிறது என்று கேட்பது தொழிலின் சின்ன வேலை என்று நினைக்கிறவர்கள் இந்த ஒரு வாழ்க்கையை நினைத்துப் பார்க்கலாம்.

1987-இல் இந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம், 1992-இல் இந்தியா அதில் சேர்ந்தது, 2000-இல் ஓசோன் விதிகள், 2003-க்குப் பிறகு புதிய கார் ஏசியில் ஆர்-12-க்கு இடமில்லை, 2008 ஆகஸ்டில் நாட்டில் அதன் உற்பத்தியே நின்றது. ஆண்டுகளை இப்படி வேகமாகச் சொல்லிவிடலாம்; ஒர்க்‌ஷாப்பில் நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது. புதிதாக வந்த ஆர்-134ஏ பழைய வாயுவுக்கு நேர்ப் பதிலி என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அது வந்தபோது பழைய முறையின் கண்களைப் பிடுங்கிக்கொண்டுதான் வந்தது. ஆர்-12 கசிவைக் கண்டுபிடிக்க ஒரு சுடர்விளக்கு இருந்தது. சூடான செம்புத் தகட்டின்மேல் வாயு பட்டால் சுடர் பச்சையாகும். அந்தப் பச்சைக்குக் காரணம் குளோரின்; ஆர்-134ஏயில் குளோரினே கிடையாது, விளக்கு செத்தது. குமிழ் பார்க்கும் கண்ணாடியும் நம்பிக்கை இழந்தது. புதிய வாயுவில் அளவு சரியாக இருக்கும்போதும் சில நேரம் குமிழ் ஓடும்; பல கார்களில் கண்ணாடியையே எடுத்துவிட்டார்கள். சிறிய கார்களில் கேஸின் மொத்த அளவே பெரும்பாலும் அரைக் கிலோவுக்குள் சுருங்கியது. அதில் ஐம்பது கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர்ச்சியில் தெரியும். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அந்த அளவைக் கிராமில் அச்சிட்டிருப்பது அதனால்தான். உள்ளே இருப்பதை முழுக்க மீட்டெடுத்து, வேக்யூம் இழுத்து, தராசில் நிறுத்தி ஏற்ற வேண்டிய வாயு அது. மேலோட்டமாகக் கொஞ்சம் 'டாப்-அப்' செய்கிறவருக்கு உள்ளே முன்பு எவ்வளவு இருந்தது என்பது தெரியாது. கேஜ் சொல்லாதா என்று கேட்கலாம். என்ஜின் ஓடாமல் முப்பது டிகிரியில் நிற்கும் காரில் கேஜ் சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே நானூறு கிராம் இருந்தாலும் அதே 97, இருநூறு கிராம் இருந்தாலும் அதே 97. திரவம் கொஞ்சம் மிச்சமிருக்கிற வரையில் அழுத்தம் வெப்பநிலையைத்தான் சொல்லும், அளவைச் சொல்லாது. என்ஜினை ஓடவிட்டு, தாழ்ந்த அழுத்தம் காட்டும் நீல முள்ளையும் உயர்ந்த அழுத்தம் காட்டும் சிவப்பு முள்ளையும் சேர்த்துப் படித்தால்தான் கேஜ் பேசும். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறியிருந்தால் கேஸ் அதிகம், அல்லது கண்டென்சருக்குக் காற்று போதவில்லை. நீலம் ஏறி சிவப்பு தாழ்ந்திருந்தால் கம்ப்ரஸர் களைத்துவிட்டது.

தேசிய அளவில் சிஎஃப்சி ஒழிப்புத் திட்டத்தின் கீழ் மாநிலம் மாநிலமாக மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வாயுவை மீட்டெடுக்கும் இயந்திரங்களும் வழங்கினார்கள். நல்ல முயற்சி. ஆனால் பயிற்சிக்குப் போனவர் திரும்பி வந்து நின்ற இடம் பழைய வாடிக்கையாளர் முன்னால். அங்கே "கேஸ் மட்டும் போடுங்க" என்ற குரல் மாறவில்லை.

இந்தக் கரையில் ஒழுக்கு ஏன் அதிகம் என்று பார்க்கத் தேவனாம்பட்டினத்துக்கு வருவோம். 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி இங்கே கோட்டையை வாங்கியபோது பீரங்கியால் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை உள்ள ஊர்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. குண்டு கிராமங்கள் என்ற பெயர் அதனால் நிலைத்தது. அந்தப் புனித டேவிட் கோட்டையின் ஆட்சி முடிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கடலுப்பின் ஆட்சி அந்தக் குண்டு விழுந்த தூரம் வரை எட்டாது, ஆனால் எட்டுகிற இடத்தில் கடுமையானது. அலை உடையும் இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள் உலோகம் அரிக்கும் வேகம் மிக அதிகம். உள்ளே போகப் போக மளமளவென்று குறைகிறது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் காற்றில் வைத்து ஆண்டுக்கணக்கில் பார்த்ததும் இந்த உப்பின் வேலையைத்தான். வாயு மாறிய அதே சமயத்தில் கார் கண்டென்சரும் மாறியிருந்தது. பருமனான செம்புக் குழாய் போய், ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய சுவருடைய அலுமினியத் தட்டைக் குழாய்கள் வந்தன. சூட்டை வேகமாக விடும், எடை குறைவு, கேஸும் குறைவாகப் போதும். ஆனால் உப்பு ஒரு புள்ளியில் குழி பறித்தால் துளை விழ அதிக நாள் ஆகாது. வெள்ளிக் கடற்கரைப் பக்கம் மாலை மாலையாக நிற்கும் வண்டியின் கண்டென்சரை டார்ச் அடித்துப் பார்த்தால் மூலைகளில் வெள்ளைப் பூஞ்சை மாதிரி மாவு படிந்திருக்கும். அது அலுமினியத்தின் துரு. அந்த மாவுக்கு நடுவே எண்ணெய்ப் பிசுக்கோடு புழுதி ஒட்டிய கறுப்புத் திட்டு ஒன்று இருந்தால், ஒழுக்கு அங்கேதான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். வாயு வெளியேறும்போது கம்ப்ரஸருக்கு உயவாக ஓடும் எண்ணெயையும் கூட்டிக்கொண்டுதான் வெளியேறுகிறது. ஒழுக்கை அடைக்காமல் வருஷா வருஷம் கேஸ் மட்டும் ஏற்றினால் எண்ணெய் குறைந்துகொண்டே போய்க் கடைசியில் கம்ப்ரஸர் பிடித்துக்கொள்வது இதனால்தான். பிடித்த கம்ப்ரஸர் உலோகத் தூளைச் சுற்று முழுவதும் பரப்பிவிடும்; அப்போது கண்டென்சர், ட்ரையர், வால்வு எல்லாமே செலவுக் கணக்கில் ஏறும்.

இன்னொரு பக்கமும் உண்டு. குளிர்ச்சி போவதற்கெல்லாம் கேஸ் காரணமில்லை. சிதம்பரம் பைபாஸில் ஓடும்போது நன்றாகக் குளிர்ந்து, கடலூர் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் நின்றதும் சூடான காற்று வந்தால் சந்தேகப்பட வேண்டியது கண்டென்சர் ஃபேனை: மோட்டார், ரிலே, ஃபியூஸ், உப்பில் பச்சை பூத்த ஒயர் முனை. அறுவடைக் காலத்தில் சாலையில் காயும் நெல்லின் வைக்கோல் தூசு கண்டென்சர் இடுக்குகளை அடைத்தாலும் இதே அறிகுறிதான். தண்ணீர் பாய்ச்சிக் கழுவினால் தீரும். கிளம்பும்போது குளிர்ந்து, ஒரு மணி நேரத்தில் காற்றே குறைந்து, கொஞ்ச நேரம் அணைத்துப் போட்டால் மறுபடி சரியாவது காயிலில் பனி பிடிப்பதன் அடையாளம். காற்றே வலுவாக வராவிட்டால் உள்ளறை ஃபில்ட்டரைக் கழற்றிப் பார்ப்பது முதல் வேலை. ஏசி சுவிட்சைப் போட்டதும் 'டக்' என்று கிளட்ச் பிடிக்கும் சத்தமே இல்லையென்றால் ஃபியூஸிலிருந்து தொடங்க வேண்டும். இவற்றைப் பார்க்கச் சில நிமிஷங்களே ஆகும், செலவு மிகக் குறைவு. ஃபேன் ஓடாத வண்டியில் கேஸ் ஏற்றினால் என்ன நடக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். சூடு வெளியேற வழியில்லாமல் ஏற்கெனவே எகிறி நிற்கிற அழுத்தம் இன்னும் எகிறும். சில நூறு ரூபாய் ரிலேயில் முடிந்திருக்க வேண்டிய வேலை கம்ப்ரஸரில் போய் முடியும்.

கேஸ் போடுவதற்கு முன் கோளாறைத் தேட வேண்டும் என்பதற்கு மூன்று எதிர்வாதங்கள் வரும். மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. புது வண்டியிலும் கொஞ்சம் கசியத்தானே செய்கிறது என்பது முதலாவது. சரிதான். ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் விதித்த வரம்பே, ஒற்றைக் காயில் உள்ள கார் ஏசியில் ஆண்டுக்கு 40 கிராம் வரை கசியலாம் என்கிறது. அந்தக் கணக்கில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கேஸைச் சரிசெய்துகொள்வது நியாயம். கோடைக்கு ஒருமுறை தேவைப்பட்டால் அந்த நியாயம் பொருந்தாது. கடற்கரையில் எப்படியும் அரிக்கத்தான் போகிறது, தேடி என்ன பயன் என்பது இரண்டாவது. தேடுவதன் பயனே இங்கேதான் அதிகம். கண்டென்சர் முகப்பில் இருக்கிறது, மாற்றுவது எளிது. காயில் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. பல வண்டிகளில் டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும், இறக்கி ஏற்றிய பிறகு கடகடவென்று ஆடுவதும் உண்டு. ஒழுகுவது எது என்று நிரூபிக்காமல் "காயில் போயிடுச்சு" என்பதை நம்பி இறங்குவது பெரிய சூதாட்டம். சில நேரம் ஒழுகுவது இரண்டுமே இல்லை. கேஸ் ஏற்றுகிற வால்வின் பின்தான். அதன்மேல் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் மூடியை முந்தைய முறை யாரோ திருப்பிப் போட மறந்திருப்பார்கள். உப்புக் காற்று உள்ளே இறங்கி சீலைக் கெடுத்திருக்கும். சோப்பு நுரையை ஒரு சொட்டு வைத்தாலே முட்டை விடும்.

மூன்றாவது வாதம்தான் கனமானது: தேடுகிற நேரத்துக்கு யார் கூலி கொடுப்பார்கள்? சுற்றில் நைட்ரஜன் ஏற்றி, இணைப்பு இணைப்பாக நுரை தடவி, அழுத்தம் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்க்க அரை நாள் போகலாம். முடிவில் கண்டுபிடித்தது தேய்ந்த ஓ-ரிங் ஒன்று என்றால், "பார்த்ததுக்கா இவ்வளவு?" என்பார் வண்டிக்காரர். கேஸ் போட்டால் பொருள் கொடுத்ததாக ஆகிறது, காசு கேட்க வாய் வருகிறது. மெக்கானிக் மேல் மட்டும் பழி போடுவது தவறு என்று நான் சொல்வது இதனால்தான். தேடலுக்கு விலை கொடுக்க மறுத்து, பொருளுக்கு மட்டும் விலை கொடுத்துப் பழகிய நாம் அவரைச் சிலிண்டரை நோக்கித் தள்ளியிருக்கிறோம். இதே ஊரில் சைக்கிள் கடையில் அப்படிச் செய்ததில்லை. ட்யூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழ் வருகிற இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டுவதற்குத்தான் காசு கொடுத்தோம், காற்றுக்கு அல்ல. அந்த நியாயத்தை ஏசிக்கும் கொண்டுவருவது முடியாத காரியமில்லை. சோதனைக் கூலியை முன்கூட்டியே தனியாகப் பேசிக்கொள்வதும், பிறகு பழுது அங்கேயே பார்த்தால் அதைக் கழித்துக்கொள்வதும் இருவருக்கும் கட்டுப்படியாகிற ஏற்பாடு.

இனி இந்தத் தேடல் கட்டாயமும் ஆகும். ஆர்-134ஏயும் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் கரியமில வாயுவைப்போல சுமார் 1,400 மடங்கு. அதைப் படிப்படியாகக் குறைக்கிற, மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றுக்கொண்டது. ஐரோப்பாவில் அதன் இடத்துக்கு வந்த ஆர்-1234ஒய்எஃப் பல மடங்கு விலை, இலேசாகத் தீப்பிடிக்கவும் கூடியது. யாரும் அதைக் கணக்கில்லாமல் காற்றில் விட்டுவிட்டு மறுபடி ஏற்ற மாட்டார்கள். அதுவரை காத்திருக்காமல் இன்றைய வண்டிக்காரர் பில்லில் மூன்று விவரங்களைக் கேட்டு வாங்கலாம்: மீட்டெடுத்த கேஸ் எத்தனை கிராம், ஏற்றியது எத்தனை கிராம், சோதனையில் எந்த இணைப்பில் நுரை வந்தது. இவை எழுத்தில் இருந்தால் அடுத்த சித்திரையில் வண்டி வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும், எவ்வளவு ஒழுகியிருக்கிறது என்பதை அங்கே ஒரு கழித்தல் கணக்கில் கண்டுபிடித்துவிட முடியும்.